ஓரணாப் புத்தகம்

சேலத்துக்காரர்களிடம் உங்கள் ஊரின் பெருமை என்ன என்று கேட்டால் மாம்பழம் என்பார்கள், இரும்பாலை என்பார்கள், ஏற்காடு என்பார்கள். நாமக்கல்லில் கேட்டால் கோட்டை, ஆஞ்சநேயர், அப்புறம் லாரியும் முட்டையும். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கிடக்கிற சமவெளியில் பிறந்து வளர்ந்தவன் நான். என்னைக் கேட்டால் பதினாறு பக்கத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டுவேன். முதுகில் இரண்டு கம்பித் தையல். மஞ்சளோ ரோஜாவோ பூசின மெல்லிய மேலட்டை. அதன் மேல் மூக்கும் முழியும் சரியாகத் தெரியாத ஒரு ராஜகுமாரன். மூலையில் 'விலை அணா 1' என்று ஒரு வரி. சினிமாப் பாட்டுப் புத்தகம்.

இதைப் போய்க் கலைப்பொருள் என்கிறானே என்று சிரிக்க வேண்டாம். கோயில் சிற்பத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கொட்டகை வாசலில் பையன்கள் கூவி விற்ற காகிதத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. தமிழ் எழுத்து ஈய அச்சில் வாழ்ந்த காலத்தில் சாதாரண ஜனங்களின் கைக்கு மிக அதிகமாகப் போய்ச் சேர்ந்த அச்சுப் பொருள்களில் இதுவும் ஒன்று. பஞ்சாங்கத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அடுத்த ஸ்தானத்தை இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

உள்ளே என்ன இருக்கும்? முதலில் நடிகர் நடிகையர் பெயர்ப் பட்டியல். பிறகு கதைச் சுருக்கம். அதற்கப்புறம் பாட்டுகள், பழைய புத்தகமானால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் போட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் தலைவலித் தைலத்துக்கோ அடுத்து வரப்போகும் படத்துக்கோ விளம்பரம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கதைச் சுருக்கந்தான். ராஜகுமாரியைத் தூணில் கட்டி, வில்லன் வாளை ஓங்கி, கதாநாயகன் கோட்டை மதிலில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கை கழுவிவிடுவார்கள். தொடர்கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைவிட நல்ல குரு வாய்த்ததில்லை.

ஏன் பதினாறு பக்கம் என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கிறது. ஒரு முழுத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இலை, பதினாறு பக்கம். தாளின் ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம், மறு புறத்துக்கு எட்டுப் பக்கம். இயந்திரத்தில் இரண்டு ஓட்டம். வீணாகிற காகிதம் துண்டளவும் கிடையாது. இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமும் பதினாறே பக்கந்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அது. ஹென்றிக் ஹென்றீக்கஸ் என்ற பாதிரியார் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழாக்கியது. அதன் பிரதி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஞானோபதேசம் செய்ய வந்த பாதிரியாரும் 'மனோன்மணி'க்கு ஆள் சேர்த்த பட முதலாளியும் போட்ட கணக்கு ஒன்றுதான்: காகிதம் குறைய வேண்டும், கைகள் பெருக வேண்டும்.

பாட்டுப் புத்தகத்துக்கு நேரான தாய் தகப்பன் என்று சொல்ல வேண்டுமானால் 'பெரிய எழுத்து' நூல்களைத்தான் சொல்ல வேண்டும். 1835இல் மெட்காப் காலத்தில் அச்சகத்தின் மேலிருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. அதன் பிறகு நம்மவர்கள் ஆளுக்கொரு அச்சுக்கூடம் வைத்தார்கள். சங்க நூல்களைப் பதிப்பித்த மகான்கள் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் சென்னையில் குஜிலிக் கடைகளிலிருந்து காலணாவுக்கும் அரையணாவுக்கும் சிந்துகளும் கும்மிகளும் கொலைச் சிந்துகளும் மூட்டை மூட்டையாகக் கிளம்பின. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று ஒரு தனிச் சாதியே உண்டு. பெரிய எழுத்து என்றால் பெயருக்குச் சொன்னதல்ல. சிம்னி விளக்கு வெளிச்சத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவர், சுற்றிலும் உட்கார்ந்த பத்துப் பேருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குத் தோதான அச்சு.

அந்த நூல்களில் மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் உண்டு. மை படவேண்டிய கோட்டை மேடாக விட்டுவிட்டு மற்றதைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். பிறகு கட்டையை எழுத்துக்களோடு எழுத்தாகச் சட்டத்தில் முடுக்கி அச்சடிக்க வேண்டியதுதான். இந்த முறையில் கறுப்பு உண்டு, வெளுப்பு உண்டு; இடையில் சாம்பல் என்பது கிடையாது. ஆகவே செதுக்குகிறவன் முகத்தில் உணர்ச்சியைக் கொண்டுவர மெனக்கெடமாட்டான். கையை உயர்த்துவான், கூந்தலை அவிழ்ப்பான், கண்ணை இரண்டு பங்கு பெரிதாக்குவான். ஏழு பிள்ளைகளோடு கிணற்றடியில் நிற்கிற நல்லதங்காளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நம் ஓவியப் பள்ளிகளில் மேல்நாட்டு மரச்செதுக்குகளைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். நடத்தட்டும். கூடவே ஒரு பெரிய எழுத்து நல்லதங்காளையும் பிரித்து வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த நல்லதங்காள்தான் கதையைச் சேலத்துக்கு அழைத்து வருகிறாள். 1935இல் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸார் அவள் கதையைப் படமாக எடுத்தார்கள். இங்கே ஸ்டூடியோ இல்லாததால் கல்கத்தாவுக்குப் போய் எடுத்துவந்த காலம் அது. அந்தக் கம்பெனியில் பங்காளியாக இருந்தவர் டி.ஆர். சுந்தரம். 'டி' என்றால் திருச்செங்கோடு. நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்தவர். தறியைக் கட்டிக்கொள்ள வேண்டியவர் சினிமாவைக் கட்டிக்கொண்டார். ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழும்பியது. 1937இல் 'சதி அகல்யா'; 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்'; 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட 'உத்தம புத்திரன்', 1942இல் 'மனோன்மணி'. அதற்கப்புறம் நூற்றுக்கு மேல் போயிற்று. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாட்டுப் புத்தகம் உண்டு. எல்லாமே சேலத்தில் அச்சானவை என்று சொல்ல வரவில்லை. படம் போன ஊர்களில் எங்கெங்கோ அச்சாயின. பெயரை மட்டும் சேலம் சுமந்தது.

மேலட்டையைக் கொஞ்சம் கவனிப்போம். படத்தின் பெயர் அச்செழுத்தில் இராது. ஓர் ஓவியர் தூரிகையால் எழுதியிருப்பார். வாள் மாதிரி நீளும் கால், தீ மாதிரி நெளியும் கொம்பு, கல்வெட்டு மாதிரி கனத்த உடம்பு, அதற்குப் பின்னால் நிழல். புராணப் படமென்றால் எழுத்தில் பூவேலை. துப்பறியும் படமென்றால் எழுத்து சாய்ந்துகொள்ளும். நகைச்சுவைப் படமென்றால் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு கூத்தடிக்கும். இதைத் துத்தநாகத் தகட்டில் படியச் செய்து, அமிலத்தில் வேண்டாத இடத்தை அரித்தெடுத்து, எழுத்தின் உயரத்துக்குச் சரியாக மரக்கட்டையில் ஆணியடித்துக் கொடுப்பார்கள். இதற்குக் கோட்டு பிளாக் என்று பெயர்.

புகைப்படத்துக்கு அது போதாது. புகைப்படத்தில் சாம்பல் உண்டு. அச்சு மையில் சாம்பல் கிடையாது. ஆகவே படத்தை வலைக் கண்ணாடி வழியாகப் படம் பிடித்துப் புள்ளிகளாக்குவார்கள். நிழல் விழுகிற இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சம் விழுகிற இடத்தில் சிறிய புள்ளி. தூரத்திலிருந்து பார்த்தால் முகம். கிட்டத்தில் பார்த்தால் அம்மை வார்த்த மாதிரி. வழவழப்பான தாளென்றால் அங்குலத்துக்கு நூற்றுக்கு மேல் வரி வைத்துப் பொடிப் புள்ளியாகச் செய்யலாம். பாட்டுப் புத்தகத்தின் சாணித்தாளில் அப்படிச் செய்தால் மை இழுகி, பி.யு. சின்னப்பாவும் சரி, அவர் குதிரையும் சரி, ஒரே கறுப்பாகிவிடுவார்கள். அதனால் 55, 65 வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். நம்முடைய பழைய நட்சத்திரங்கள் எல்லாரும் காகிதத்தில் ஏன் அப்படிப் புள்ளி புள்ளியாக, ஏதோ கனவில் பார்த்தவர்கள் போல இருக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

புத்தகத்தின் பருமனும் ஒரு சரித்திரம் சொல்லும். முப்பதுகளின் படங்களில் ஐம்பது பாட்டு வரைகூட இருந்தது. பாட்டு மட்டுமே புத்தகத்தை நிரப்பிவிடும். யுத்தம் வந்தது, படச்சுருளுக்குப் பஞ்சம் வந்தது, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாதென்று 1943இல் சர்க்கார் உத்தரவு போட்டது. காகிதத்துக்கும் தட்டுப்பாடு. பாட்டுகள் குறைந்தன, பக்கங்கள் மெலிந்தன.

யுத்தத்துக்குப் பிறகு இன்னொரு மாறுதல். அது எழுத்துக்காரன் என்ற முறையில் எனக்கு வாயூறுகிற மாறுதல். வசனம் எழுதியவர் பெயர் பொடி எழுத்திலிருந்து கொட்டை எழுத்துக்கு வந்தது! 1950இல் வந்த 'பொன்முடி' பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்'. அதே ஆண்டின் 'மந்திரி குமாரி'க்கு மு. கருணாநிதி வசனம். மாடர்ன் தியேட்டர்ஸார் நடத்திய 'சண்டமாருதம்' பத்திரிகையில் கண்ணதாசன் ஆசிரியராக இருந்தார். ஒரு நாவலாசிரியனின் பெயரை நடிகையின் பெயருக்குச் சமமான அளவில் கோத்த ஊர் இந்தச் சேலம் என்று நினைக்கும்போது மனசுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

இனி எழுத்துக்கு வருகிறேன். இளைய வாசகர்கள் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் தடுக்கி விழுவது 'விலை' என்ற சொல்லில்தான். இன்று நாம் 'ல'வுக்கு முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு போடுகிறோம். அன்று அப்படியில்லை. 'ல'வின் தலைக்கு மேலே யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு வளைவு. 'துணை', 'சென்னை', 'வெள்ளை' எல்லாவற்றுக்கும் அதே துதிக்கை. 'ணா', 'றா', 'னா' மூன்றுக்கும் துணைக்கால் கிடையாது. எழுத்தின் வாலே கீழே இறங்கிச் சுருண்டுகொள்ளும். ஒகர ஓகாரத்திலும் அந்தச் சுருட்டல் தொடரும். 'மனோன்மணி' என்ற பெயரைப் பழைய முறையில் எழுதிப் பாருங்கள்: நடுவில் 'னோ' ஒன்று கொலுசு போட்டுக்கொண்டு நிற்கும். 1947இல் வந்த 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி'யில், வாங்க வேண்டிய 'தலை'யின் மேலேயே துதிக்கை.

இப்படி முறை தவறிய எழுத்துக்கள் பதின்மூன்று. இவற்றை மற்ற எழுத்துக்களைப் போலவே எழுதினால் என்ன என்று கேட்டவர் பெரியார். கேட்டதோடு நிற்காமல் 1935 ஜனவரியில் தம்முடைய 'குடி அரசு' பத்திரிகையில் அச்சடித்தே காட்டிவிட்டார். ஈரோடு எங்கள் சமவெளிக்கு அந்நியமல்ல. காவிரிக்கு இக்கரையில் பள்ளிபாளையம், அக்கரையில் ஈரோடு. பாலத்தைத் தாண்டினால் ஆயிற்று. ஆனால் அந்தப் பாலத்தைத் தாண்டிவர எழுத்துக்கு நாற்பத்து மூன்று வருஷம் பிடித்தது. சுயமரியாதைக்காரர்கள் வசனம் எழுதின படத்துக்கும் பாட்டுப் புத்தகம் பெரும்பாலும் பழைய எழுத்தில்தான் வந்தது. வசனம் யாருடையதாக இருந்தால் என்ன, அச்சகத்துப் பெட்டியில் இருக்கிற ஈயந்தானே காகிதத்தில் விழும்? கடைசியில் 1978 அக்டோபரில் தமிழக அரசு உத்தரவு போட்டு அந்தப் பதின்மூன்றையும் மாற்றியது. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 'மந்திரி குமாரி'யிலும், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் வாளோடு நின்ற அதே எம்.ஜி.ஆர். துதிக்கை எழுத்துப் பாட்டுப் புத்தகங்களின் மேலட்டையில் இருந்தவர், அந்தத் துதிக்கையை வெட்டினார்.

கண்ணுக்கு அது நஷ்டம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பழைய 'லை' அழகான எழுத்து. வரிசையாகச் சதுரமும் வட்டமுமாகப் போய்க்கொண்டிருக்கும் தமிழ் வரியில் திடீரென்று ஒரு துள்ளல் அது. இந்த ஏக்கத்தைச் சேலம் குகையில் ஓர் அச்சுக்கோப்பாளரிடம் சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பதினாலு வயதில் அச்சகத்தில் புகுந்தவர். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாம் கோத்தவர்.

"ஏனுங்க ஐயா, அந்தப் பழைய எழுத்துப் போனதில் உங்களுக்கு வருத்தம் இல்லைங்களா?" என்றேன்.

"அழகு பாக்கறவங்களுக்கு வருத்தமா இருக்கும் தம்பி. கோக்கறவனுக்கு அது ஒடையற எழுத்து. தும்பிக்கைய நீட்டிக்கிட்டு நிக்கும். நாலு வேலை ஓடுச்சுன்னா மொனை போயிரும். மொனை போன எழுத்தப் போட்டா மொதலாளி நம்மளத்தானுங்களே பேசுவாரு?" என்றார்.

எழுத்துப் பெட்டியின் சங்கடத்தையும் அவர்தான் விளக்கினார். இங்கிலீஷ்காரனுக்கு இருபத்தாறு பெரியது, இருபத்தாறு சிறியது. ஏறக்குறைய அதோடு சரி. தமிழில் 'கு, கூ' வரிசைக்கு மட்டும் பதினெட்டு மெய்க்கும் தனித்தனி உருவம், ஆக 36 அறை. புள்ளி எழுத்துக்குப் பதினெட்டு. கிரந்தம் வேறு. இதில் துதிக்கைக்கும் சுருட்டலுக்கும் தனி அறை வைத்தால் கோக்கிறவன் கை எட்டாது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை கை நீண்டு மடங்க வேண்டும்! நாம் பேனாவை எடுத்து 'அவன் நினைத்தான்' என்று அலட்சியமாக எழுதிவிடுகிறோம். அந்தப் பெரியவரின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, எழுத்தின் அழகுக்காக வாதாடும் உரிமை எனக்குக் கொஞ்சங்கூட இருப்பதாகத் தோன்றவில்லை. சீர்திருத்தம் நியாயமானதுதான்.

பாட்டுப் புத்தகம் கோப்பதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டாம். "பாட்டுன்னா 'ண்'தானுங்க மொதல்ல தீந்து போகும். கண்ணே, பெண்ணே, மண்ணு, விண்ணு, அத விட்டா வேற என்ன எழுதறாங்க?" என்று சிரித்தார். தீர்ந்துபோனால் இன்னொரு அளவு எழுத்திலிருந்து கடன் வாங்கிச் செருகுவார்கள். வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னது போலவே, மெலிந்த எழுத்துக்களுக்கு நடுவே ஒரு 'ண்' மட்டும் மாப்பிள்ளை மாதிரி கொழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கவிஞர்கள் எத்தனை சொற்களை வைத்துக் காலம் தள்ளினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

டி.ஆர். சுந்தரம் 1963இல் காலமானார். மாடர்ன் தியேட்டர்ஸ் 1982 வரை படம் எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. பாட்டுப் புத்தகத்தை ஒலிநாடா கொன்றது. ஈய எழுத்தை ஆப்செட்டும் கணிப்பொறியும் கொன்றன. எழுத்துக்களை எடைக்குப் போட்டார்கள், ஈயத்துக்கு விலை உண்டல்லவா? மரத்தில் செய்த பெரிய போஸ்டர் எழுத்துக்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. எழுத்துப் பெட்டிகளின் சிறு சிறு அறைகளில் இப்போது பணக்கார வீடுகளில் பொம்மை அடுக்குகிறார்கள்.

காகிதமாவது மிஞ்ச வேண்டுமே! பாட்டுப் புத்தகம் சாணித்தாளில் அச்சானது. அந்தத் தாளில் இருக்கிற அமிலமே அதைத் தின்னும். ஐம்பது வருஷத்தில் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். இதையெல்லாம் குப்பை என்று நினைக்காமல் சேர்த்துவைத்த ஒரு புண்ணியவான் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் கலைஞராக இருந்தவர். எழுத்தின் வளைவைக் கையால் அறிந்தவருக்குத்தான் நோட்டீசின் அருமையும் தெரியும் போலும். அவர் 1992இல் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, கப்பலேற்றிக் கொண்டுபோகாமல், சென்னையிலேயே 1994இல் அவர் பெயரில் நூலகமாக வைத்தது. பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீஸ்களும் அங்கே இலக்கியங்களுக்குச் சமமாகப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. சேலத்திலோ நாமக்கல்லிலோ இருப்பவர்கள் தங்கள் ஊர்க் காகிதத்தைப் பார்க்க ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். பரணில் தகரப்பெட்டி வைத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தப் பெட்டி பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகுமுன் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லி எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் நச்சரித்துவருகிறேன்.

திறந்தால், புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அடியைப் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும்: இன்ன அச்சகம், இன்ன ஊர். அலங்காரத்துக்குப் போட்டதல்ல அது. அச்சடித்தவர் பெயரும் இடமும் ஒவ்வொரு நூலிலும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் வருஷத்துச் சட்டம் கட்டாயப்படுத்தியது. எவன் ராஜத்துரோகமாக அச்சடிக்கிறான் என்று கண்டுபிடிக்க வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு, எந்த ஊரில் எந்த அச்சகம் இருந்தது என்று நாம் கண்டுபிடிக்க உதவுகிறது. அந்தச் சட்டமும் 2024 மார்ச் முதல் இல்லை. அதற்குப் பதில் வந்த சட்டம் பத்திரிகைகளோடு நின்றுகொண்டது.

இதைக் குகைப் பெரியவரிடம் சொன்னேன்.

"அச்சாபீசு பேராவது இருந்துச்சுங்க தம்பி. கோத்தவன் பேரு எப்பங்க இருந்துச்சு?" என்றார். சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கங்களைப் புரட்டினார். பதினாலாம் பக்கத்தில், மூன்றாவது வரியில், தலைகீழாக நின்றுகொண்டிருந்த ஒரு 'ப'வை நகத்தால் தொட்டுக் காட்டினார்.